பாலு மகேந்திராவின் சின்னத்திரை

பாலு மகேந்திரா 1939-இல் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தார். பள்ளி நாள்களில், டேவிட் லீன் இலங்கையில் நடத்திய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பைக் காண நேர்ந்தது. சினிமா மோகம் அங்கேதான் தொற்றியது. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தங்கப் பதக்கம் பெற்றார். ராமு காரியாட்டின் ‘நெல்லு’ அவரை ஒளிப்பதிவாளராக்கியது. 1977-இல் கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கினார். பிறகு தமிழில் ‘அழியாத கோலங்கள்’, ‘மூடுபனி’, ‘மூன்றாம் பிறை’. இதுவரை பலரும் அறிந்ததே.

அவருடைய ஆகச் சிறந்த படம் 1988-இல் வந்த ‘வீடு’. மாதச் சம்பளக்காரப் பெண் ஒருத்தி கடன் வாங்கி ஒரு வீடு கட்ட முயல்கிறாள், அவ்வளவுதான் கதை. கான்ட்ராக்டர் சிமெண்டைத் திருடுகிறார். கடைசியில் அந்த மனையே தங்களுக்கு உரியது என்கிறது குடிநீர் வாரியம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. தவணை கட்டி மனை வாங்குகிறவர்களுக்கு இந்தப் படம் இன்றும் பழசாகவில்லை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்ததும் இதுவே.

அடுத்து வந்த ‘சந்தியா ராகம்’ தூர்தர்ஷனின் தயாரிப்பு. மனைவியை இழந்து நகரத்து உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ளும் முதியவராக சொக்கலிங்க பாகவதர் நடித்தார். வியாபார சினிமா தொடத் தயங்கிய முதுமையை எடுக்கத் தொலைக்காட்சிதான் பணம் கொடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

சன் டிவியில் வந்த ‘கதை நேரம்’ தமிழ்ச் சிறுகதைகள் 52-ஐக் குறும்படங்களாக்கியது. எழுத்தாளரின் பெயரை முன்னிறுத்தி, வாரம் ஒரு கதையை வீட்டுக்கூடத்துக்கே கொண்டு வந்தது. இலக்கியத்தை இத்தனை மதிப்போடு கையாண்ட வேறொரு தொடரைத் தமிழ்த் தொலைக்காட்சியில் காட்டுவது கடினம். அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை ஓர் இடைவேளையாக எண்ணிக் கடந்துபோவது பெரும் பிழை.

பிறகு ‘சினிமா பட்டறை’ தொடங்கிக் கற்பித்தார். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி அவரிடம் உதவி இயக்குநர்களாகப் பயின்றவர்கள். 2013-இல் ‘தலைமுறைகள்’ படத்தை இயக்கி, தாத்தாவாக நடித்தார். 2014 பிப்ரவரியில் மறைந்தார்.

தம் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதைச் சொல்லி, தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று இறுதி ஆண்டுகளில் அவர் மன்றாடினார். அரசு அதை அமைக்க வேண்டும். அதில் ‘கதை நேர’த்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.