சென்செய்க்குள் வாழும் கே

நட்சுமே சோசெகியின் 'கொகோரோ' 1914இல் அசாஹி நாளிதழில் தொடராக வந்தது. அதன் மையப் பாத்திரமான சென்செய்யை உளப்பகுப்பாய்வு நோக்கில் பேசும்போது காதல் முக்கோணத்தோடு நின்றுவிடுவது சுலபம். ஒரு பெண், இரண்டு நண்பர்கள், ஒரு துரோகம், ஆயுள் முழுக்கக் குற்றவுணர்வு. இந்த வாசிப்பு போதாது.

சென்செய்யின் காயம் அதற்கு முந்தையது. டைபாய்டில் பெற்றோர் இருவரும் போய்விட, தெய்வமாக நம்பிய சித்தப்பா சொத்தை ஏய்த்துவிடுகிறார். உலகமே கெட்டது, தான் மட்டும் விதிவிலக்கு என்று சென்செய் தன்னைத் தேற்றிக்கொள்கிறார். பிறகு, நண்பன் கே தன் காதலை அவரிடம் சொன்ன சில நாட்களில், அவனுக்குத் தெரியாமல், தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம், அவர் மகளான அதே பெண்ணைத் தனக்கு மணமுடித்துத் தரக் கேட்கிறார். அந்தக் கணத்தில் அவரே சித்தப்பா ஆகிவிடுகிறார். தன்னை வஞ்சித்தவரின் செயலைத் தன் கையாலேயே திரும்பச் செய்கிறார். நாவலின் உயிர்நாடி இதுதான்.

அம்மாள் வேண்டாமென்று தடுத்தும் கேயை அந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். கேயின் மனவுறுதிமுன் எப்போதும் தன்னைச் சிறியவராக உணர்ந்தவர் அவர். வென்றாக வேண்டிய ஆளாகவும், பார்த்து ஒப்புதல் தர வேண்டிய ஆளாகவும் கேயே அவருக்குத் தேவைப்பட்டான் என்று தோன்றுகிறது. கே தற்கொலை செய்துகொண்ட பின் மாதந்தோறும் ஸோஷிகயா கல்லறைக்குப் போகிறார். வேலை இல்லை, நட்பு இல்லை, கேயின் துறவை மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்கிறார். இழந்தவரை உள்வாங்கிக்கொண்ட மனம் தன்னையே தண்டிப்பதைப் பற்றிய ஃப்ராய்டின் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1917இல். சோசெகி மூன்றாண்டு முந்திக்கொண்டார்.

ஜப்பானிய உளமருத்துவர் டோய் டகேயோ சோசெகியின் பாத்திரங்களை ஊன்றி வாசித்தவர். பிறரைச் சார்ந்து அன்பைப் பெறும் விழைவே அவரது ஆய்வின் மையம். சென்செய்யின் வாழ்வில் அந்த விழைவு சித்தப்பாவிடமே முறிந்துபோனது. கடைசியில் ஓர் இளைஞனிடம்தான், அதுவும் நீண்ட கடிதத்தில்தான், அவரால் மனம் திறக்க முடிகிறது.

அவர் மணந்துகொண்ட அந்தப் பெண்ணுக்கோ ஒன்றும் தெரியக்கூடாது என்கிறார். அவள் மனதிலுள்ள பழைய நினைவு களங்கப்படக் கூடாதாம். அதைக் கருணை என்று நாங்கள் ஏற்கவில்லை. கேயை ஏமாற்றிய அதே மௌனம்தான் அது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று இந்த நாவலை வாசிக்கும் கட்டுரைகளை எழுதி அனுப்புங்கள்.