கராஜ் பாஸ் அறிந்ததும் அவர் அறிய முடியாததும்

மாத்தளையில் ஒரு பழைய வாகனம் கைமாறுவதற்கு முன்னர் ஏதாவதொரு கராஜில் ஒரு தடவையாவது நிறுத்தப்படும். பாஸ் பொனட்டைத் திறப்பார், ஒயில் மூடியைக் கழற்றி எஞ்சினை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பார். அதன் பிறகு அவர் சொல்வதுதான் பெரும்பாலும் கடைசி வார்த்தை. 'எடுக்கலாம்' என்றால் வங்கிக்கு ஓடுகிறோம். 'அந்தப் பக்கமே போகாதீங்க' என்றால் விற்பவரின் தொலைபேசி அழைப்பைக்கூட எடுப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் இருந்த அதே வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்ததால் பாஸின் சொல்லுக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. அந்த மதிப்பில் ஒரு பகுதி அவருக்கு முழுமையாக உரியது. எந்தப் பாகம் எப்படிப் பழுதாகும், அதைத் திருத்த முடியுமா என்பதை அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. ஆனால் எந்த வாகனம் மற்றதைவிட அடிக்கடி பழுதாகிறது என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்க முடியாது. நாம் அவரிடம் கேட்பதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

காரணம் எளிது. கராஜுக்கு வருபவை பழுதான வாகனங்கள்; பழுதாகாதவை வருவதில்லை. வைத்தியசாலை வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேர் சுகமாக இருக்கிறார்கள் என்று கணக்கிட முடியாது அல்லவா? ஒரு மாதத்தில் பத்து பட்டா வண்டிகளும் ஒரேயொரு டபிள் கெப்பும் வந்தால் பட்டா மோசம் என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த வீதியில் ஓடும் பட்டாக்கள் எத்தனை, டபிள் கெப்கள் எத்தனை என்ற எண்ணிக்கை தெரியாமல் அந்த முடிவுக்குப் பொருளில்லை. அதோடு அந்தப் பட்டா என்ன பாடுபட்டு வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2005இல் இந்தியாவில் அறிமுகமான டாட்டா ஏஸ்தான் நம்மிடையே பட்டா ஆனது. இரண்டு சிலிண்டர், 702 சீசீ, பதினாறு குதிரைவலு. சுமக்கவேண்டியது முக்கால் தொன் அளவு. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் பருவத்தில் அந்த அளவை மதிப்பவர்கள் குறைவு. பெயாரிங்குகளுக்குப் பொறியியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. சுமை இரண்டு மடங்கானால் பந்து பெயாரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். உருளைப் பெயாரிங் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆகவே அடிக்கடி பெயாரிங் மாற்றும் பட்டா, தயாரித்தவரின் குறையைவிட ஏற்றியவரின் பேராசையைத்தான் காட்டுகிறது. பட்டாவை நல்ல வாகனம் என்று நிரூபிக்க இதைச் சொல்லவில்லை. கெட்ட வாகனம் என்று சொல்வதற்கான சான்று கராஜில் கிடைக்காது என்பதே விடயம்.

பாஸின் சொல் எங்கே நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது? ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் ஜப்பானில் 2013 செப்டம்பரில் வெளியானது. அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் ஐந்து தடவை குறை திருத்த அழைக்கப்பட்டது. இரட்டைக் கிளச் கியர் பெட்டியின் மென்பொருள் அதில் முக்கியமான குறை. அந்தக் கியர் பெட்டியை நம்பாதீர்கள் என்று நம்மூர் கராஜ்களில் எழுந்த குரல் ஆதாரமற்ற பயம் அல்ல. குறிப்பிட்ட வாகனத்தின் குறிப்பிட்ட பாகத்தைச் சுட்டிக்காட்டிய சொல் அது. 'ஹைபிரிட் என்றாலே பட்டரி போய்விடும்' என்று அதே குரல் பொதுப்படையாகப் பேசும்போது வலுவிழந்துவிடுகிறது. டொயோட்டா அக்குவாவின் பட்டரியில் 20 தொகுதிகளும் மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 தொகுதிகளும் உள்ளன. அதைக் குளிரவைக்கும் விசிறி பின் ஆசனத்தின் அருகிலிருந்து காற்றை இழுக்கிறது. புழுதி படிந்து அந்தக் காற்றுவழி அடைபட்டால் பட்டரி சூடாகி ஆயுள் குறையும். விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்ய ஆகும் செலவு, புது பட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செத்த தொகுதியை மட்டும் மாற்றிவிட்டு விற்கப்படும் காரில் பழைய தொகுதிகளும் புதியதும் ஒத்துப்போகாமல் மீண்டும் சிக்கல் வரும். இதையெல்லாம் பிரித்துச் சொல்லக்கூடிய பாஸ் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

டபிள் கெப் என்றால் ஹைலக்ஸ்தான் என்ற நம்பிக்கை இங்கே ஏறத்தாழ மதம் போன்றது. 1968 முதல் வரும் பெயர். பழைய டீசல் எஞ்சினும் அதன் இயந்திரப் பம்பும் தாங்காத அடி இல்லை. ஆனால் இன்று ஓடும் முப்பது வயது ஹைலக்ஸ்கள் மிஞ்சியவை மட்டுமே. மிஞ்சாதவை இரும்புக் கடைக்குப் போய்விட்டதால் நம் கண்ணில் படுவதில்லை. புதிய எஞ்சின்களில் டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. பழைய பம்ப் பொறுத்துக்கொண்ட தண்ணீரையும் தூசையும் இந்த இஞ்செக்டர் பொறுக்காது. 2022 எரிபொருள் நெருக்கடியில் கான்களிலும் பீப்பாய்களிலும் சேமித்த டீசலை ஊற்றியவர்கள் அந்த வேறுபாட்டைக் கவனித்தார்களா என்பது சந்தேகம். பெயர் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அவுஸ்திரேலியாவே சாட்சி. 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட டீசல் ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சூனர் ஆகியவற்றின் புகைக்கரி வடிகட்டி அமைப்பு குறையுள்ளது என்று அந்நாட்டு சமஷ்டி நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, சீரான வேகத்தில் நீண்ட நேரம் ஓடவேண்டும். மாத்தளை நகர நெரிசலிலும் எல்கடுவ ஏற்றத்திலும் அந்த வாய்ப்பு எங்கே கிடைக்கிறது? இன்னொன்று: 'ஜப்பான் சாமான்' என்று நாம் பெருமைப்படும் டபிள் கெப்களில் பல தாய்லாந்தில் உருவானவை. நாட்டின் பெயரை வைத்துத் தரம் பிரிப்பது இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

'ஹைலக்ஸ் விலை குறையாமல் நிற்கிறதே, அது நம்பகத்துக்குச் சான்று இல்லையா?' என்று கேட்கலாம். ஓரளவுக்குச் சான்றுதான். எந்த ஊரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும், பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழையதையாவது எடுத்து வரலாம், எந்தப் பாஸுக்கும் கைவேலை தெரியும் என்பதெல்லாம் அந்த விலைக்குள் அடங்கும். அவை உண்மையான நன்மைகள். அதே விலைக்குள் வெறும் நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட விலையால் முடியாது. பழுதே வருமானம் என்றிருப்பவரின் கருத்தை எப்படி நம்புவது என்ற ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. சிறு நகரத்தில் பொய் சொல்லும் பாஸிடம் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார், ஆகவே நேரடி ஏமாற்று நாம் அஞ்சுமளவுக்கு இராது. என் கவலை வேறு. கணினியில் இணைத்துக் குறை கண்டுபிடிக்கும் ஸ்கேனர் இல்லாத கராஜ், தனக்குப் பழக்கமில்லாத வாகனத்தைக் 'கூடாது' என்றே சொல்லும். அதில் பொய் இல்லை, தன் கையிருப்பைத்தான் சொல்கிறது. வாங்குபவருக்கு அதுவும் பயனுள்ள தகவலே. பக்கத்தில் திருத்த ஆளில்லாத நல்ல வாகனம், ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் வழியாக லக்கலைக்குப் போகும் வீதியில் நின்றுவிட்டால் அதன் நல்ல குணத்தால் யாருக்கு என்ன பயன்?

அந்த வீதியை வைத்தே பாஸிடம் கேட்கவேண்டிய கேள்விகளும் அமைகின்றன. எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்தக் குறிப்பிட்ட வண்டியின் பிரேக் ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்கலாம். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் பெடல் திடீரென்று தரையைத் தொடுவதற்கு அதுவே காரணமாகலாம். 660 சீசீ ஜப்பான் சிறு காரில் நான்கு பேரோடு மலையேறப் போகிறோம் என்றால் அதன் சீவீடீ கியர் ஒயிலின் நிலையைக் கேட்கவேண்டும். எங்கே ஓடப்போகிறது, எவ்வளவு ஏற்றப்போகிறோம் என்பதை முதலில் நாம் அவருக்குச் சொல்லவேண்டும். அப்போது அவருடைய அனுபவம் தனக்குத் தெரிந்த இடத்தில் வேலை செய்யும்.

எந்த வாகனம் மற்றதைவிட அடிக்கடி பழுதாகிறது என்ற எஞ்சிய கேள்விக்கு விடை சொல்லவேண்டியது அரசு. ஜெர்மனியில் கட்டாயப் பரிசோதனைகளில் எந்த மொடல் எவ்வளவு தவறுகிறது என்ற அறிக்கை ஆண்டுதோறும் வெளியாகிறது. பிரித்தானியாவில் ஒவ்வொரு பரிசோதனையிலும் பதிவாகும் மீட்டர் அளவை, வாகன இலக்கத்தைக் கொடுத்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம். மீட்டரைப் பின்னுக்குச் சுற்றி விற்பவருக்கு அங்கே வழி குறுகல். இங்கேயும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அன்று மீட்டர் காட்டும் கிலோமீற்றரையும் அந்த வாகனம் தேறியதா என்பதையும் இலக்கத்தைத் தட்டினால் எவரும் பார்க்கும்படி செய்யவும், எந்த மொடல் எவ்வளவு தவறுகிறது என்ற தொகுப்பை ஆண்டுக்கொரு தடவை வெளியிடவும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் முன்வரவேண்டும். இறக்குமதி மீண்டும் தொடங்கிவிட்டது. இதை இந்த ஆண்டே ஆரம்பிக்கவேண்டும்.