லே-அப் அறையையும் கணக்கில் சேர்ப்போம்

உயர்வெப்பப் பிசின்களில் வேலை செய்யும் எவரும் பிஎம்ஆர்-15-ஐத் தாண்டிப் போக முடியாது. கிளீவ்லாந்தில் உள்ள, அப்போது லூயிஸ் ஆய்வு மையம் எனப்பட்ட நாசா மையத்திலிருந்து டிட்டோ செராஃபினி, பீட்டர் டெல்விக்ஸ், ஜார்ஜ் லைட்சி ஆகியோர் 1972-இல் வெளியிட்ட பாலிஇமைடு அது. விண்வெளித் துறைப் பாலிமர்களில் பணிவாழ்வைக் கழிக்கும் ஒருவர் எதைச் சாதனையாகக் கொள்ள வேண்டும், எதைக் கடமையாகக் கொள்ள வேண்டும் என்ற இரண்டையும் அதிலிருந்தே படிக்கலாம்.

அதற்கு முந்தைய பாலிஇமைடுகளின் தொல்லை நமக்குத் தெரிந்ததே. பாலிஅமிக் அமிலத்தை என்எம்பி போன்ற, எளிதில் ஆவியாகாத கரைப்பானில் கரைத்து இழையில் ஏற்றினார்கள். கரைப்பானும் வினையில் பிறக்கும் நீரும் கடைசிவரை கசிந்துகொண்டே இருந்ததால் லேமினேட்டில் வெற்றிடங்கள் மிஞ்சின. செராஃபினி குழு பாலிமரை முன்கூட்டியே தயாரிப்பதைக் கைவிட்டது. மூன்று மோனோமர்களை மெத்தனாலில் கரைத்து நேராக இழையில் ஏற்றியது. சுமார் 200 டிகிரி செல்சியஸில் இமைடு உருவாகும்போதே மெத்தனாலும் நீரும் போய்விடும். பிறகு 316 டிகிரியில் சங்கிலி முனைகளில் உள்ள நாடிக் தொகுதிகள் பிணையும். அப்போது வெளியேற ஏறக்குறைய எதுவும் மிச்சமிருக்காது.

பெயரில் உள்ள 15, 1500 என்ற மூலக்கூறு எடையைக் குறிக்கிறது. சங்கிலியைக் குறுக்கினால் பிசின் நன்றாக ஓடும். ஆனால் முனைத் தொகுதிகள் கூடும், ஆக்சிஜனேற்றத்துக்கு முதலில் பலியாவதும் அவைதான். இந்த இரண்டுக்கும் நடுவே தேர்ந்த எண் 1500. 288 டிகிரியில் நெடுநேரம் உழைக்கும் இந்தப் பிசினும் கார்பன் இழையும் சேர்ந்து, எஃப்404 எஞ்சினின் வெளிப்புற பைபாஸ் டக்டில் டைட்டானியத்தின் இடத்தைப் பிடித்தன.

அந்த மூன்று மோனோமர்களில் ஒன்று மெத்திலீன் டையனிலின், அதாவது எம்டிஏ. 1965-இல் இங்கிலாந்தின் எப்பிங்கில், எம்டிஏ கலந்துவிட்ட மாவில் செய்த ரொட்டியைச் சாப்பிட்ட 84 பேருக்குக் கல்லீரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தது. அடுத்த ஆண்டே மருத்துவ இதழில் அது பதிவானது. பின்னர் விலங்குச் சோதனைகளில் எம்டிஏ புற்றுநோயை உண்டாக்குவதும் தெரிந்தது. 1992-இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் நூறு கோடிக்குப் பத்துப் பங்கு என்று வரம்பு விதித்தது. எம்டிஏ தோல் வழியாகவும் உடலில் ஏறும்.

பிஎம்ஆர் முறையின் சிறப்பே, க்யூர் ஆகும்வரை ப்ரீப்ரெக்கில் மோனோமர் மோனோமராகவே இருப்பதுதான். அடுக்கை வெட்டிப் பரப்புகிறவரின் கைக்கு ஆபத்தும் அதனால்தான் வருகிறது. ஆட்டோகிளேவிலிருந்து வெளியே வரும் பாகத்தைச் சோதித்தால் இது தெரியாது.

மாற்று டையமீன்களைப் பலர் தேடினார்கள். ஒன்றில் வெப்பத் தாங்கல் குறைந்தது, ஒன்றில் பிசின் ஓடவில்லை, ஒன்றில் விலை ஏறியது. எஞ்சினில் ஒருமுறை தகுதி பெற்ற பிசினை மாற்றுவதென்றால் கூப்பனிலிருந்து முழுப் பாகம்வரை சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆக, முதலாண்டில் ஆய்வகத்தில் எடுக்கும் மோனோமர் முடிவு, பல பத்தாண்டுகளுக்கு லே-அப் அறையில் நிற்பவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

செராஃபினி குழுவைக் குறைகூற இதை எழுதவில்லை. துறை கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். கேட்ட பட்டியல்தான் குறையுள்ளது. கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை, வெற்றிட விழுக்காடு, அடுக்கிடை வெட்டு வலிமை என்று நாம் இன்றும் கேட்பது ஏறக்குறைய அதே பட்டியல். அதே எம்டிஏ, டிடிஎம் என்ற பெயரில் எப்பாக்சிக்கான கடினமாக்கியாகவும் புழங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

எனவே புதிய பிசினைப் பற்றி இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், பாகுநிலைத் தரவுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு மோனோமரின் நச்சுத்தன்மையையும், க்யூருக்கு முன் அதைக் கையாண்ட முறையையும் எழுத வேண்டும். தரவு இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். ஆய்வு மாணவரை வழிநடத்துவோர், மோனோமரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தக் கேள்வியை எழுப்புங்கள். தகுதிச் சோதனை முடிந்த பிறகு எழுப்பினால் பயன் மிகக் குறைவு.