இரண்டு சாட்சிகள்

ஆபாசப்படம், பாலியல் தொழில் என்று பேச்செழுந்த மாத்திரத்தில் நம் இலக்கியச் சூழல் இரண்டாகப் பிரிந்துகொள்கிறது. அனைத்தும் சுரண்டலே, ஆகவே தடை வேண்டும் என்பது ஓர் அணி. அனைத்தும் தனிமனிதத் தேர்வே, ஆகவே தலையிடலாகாது என்பது மற்றோர் அணி. இரண்டுமே பெண்ணியத்தின் பெயரால்தான் பேசுகின்றன. இரண்டின் மீதும் எங்களுக்குள்ள குற்றச்சாட்டு ஒன்றே: தமக்கு உகந்த சாட்சியை மட்டும் கூண்டிலேற்றிவிட்டு மற்றவளை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

முதல் சாட்சி லிண்டா போர்மன். 1972இல் வெளியான ‘டீப் த்ரோட்’ படத்தில் லிண்டா லவ்லேஸ் என்ற பெயரில் நடித்தவர். பாலியல் விடுதலையின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டவர். அன்றைய கணவன் அடித்தும் துப்பாக்கி காட்டி மிரட்டியுமே தன்னை நடிக்க வைத்தான் என்று 1980இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியபோது, பலர் நம்ப மறுத்தனர். திரையில் தெரிந்த சிரிப்பே சம்மதத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

அவரை நம்பியவர்கள் ஆண்ட்ரியா ட்வொர்க்கினும் கேதரின் மெக்கின்னனும். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து யாரும் பறிக்க இயலாது. பாதிக்கப்பட்ட பெண்ணே வழக்காட வழிசெய்யும் சட்டமொன்றை 1983இல் மினியாபொலிஸ் நகருக்காக அவர்கள் வரைந்தனர். மேயர் அதை நிராகரித்தார். 1984இல் இண்டியானாபொலிஸ் நகரில் பழமைவாதிகளின் துணையுடன் அது நிறைவேறியது. பேச்சுரிமைக்கு முரணென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் அதை வீழ்த்தியது. எதிர்த்து மனுச் செய்தோரில் பெண்ணியரும் இருந்தனர். ஏட்ரியன் ரிச் அவர்களில் ஒருவர். தணிக்கைக்கோலை அரசிடம் கொடுத்தால் அது யார் முதுகில் விழும் என்பதே அவர்கள் கேள்வி.

விடை கனடாவில் கிடைத்தது. 1992இல் பட்லர் வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், பெண்களுக்கு விளையும் தீங்கை ஆபாசத்தின் அளவுகோலாக ஏற்றது. அதே ஆண்டில் டொராண்டோ காவல்துறை ஒரு புத்தகக் கடையில் புகுந்து கைப்பற்றியது, பெண்களை விரும்பும் பெண்களுக்கான இதழை.

இரண்டாம் சாட்சி நளினி ஜமீலா. களிமண் சுரங்கத்தில் கூலிவேலை பார்த்தவர். கணவன் இறந்தபின் பிள்ளைகளை வளர்க்கப் பாலியல் தொழிலுக்கு வந்தவர். 2005இல் மலையாளத்தில் வெளியான தன்வரலாற்றில் தன் குரல் சரியாக ஒலிக்கவில்லை என்று கண்டு, அதே ஆண்டில் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். தன் கதையைப் பிறர் சொல்லிவிடக் கூடாது என்பதில் இத்துணை கறாரான ஒரு பெண்ணை, தன் நலம் அறியாதவள் என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்?

வறுமையில் எடுத்த முடிவு தேர்வாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவளைக் கைது செய்தால் வறுமை தீருமா? 1956ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி, ஒரு பெண் இத்தொழிலில் ஈட்டியதைக் கொண்டு தெரிந்தே வாழும், பதினெட்டு வயது கடந்த எவரும் குற்றவாளி. ஈராண்டு வரை சிறை. தரகனுக்கு விரித்த வலையில் அவளுடைய முதிய தாயும் படிக்கும் மகனும் அகப்படுகிறார்கள். 2022 மே மாதத்தில்தான் உச்சநீதிமன்றம், மனமொப்பி இத்தொழில் செய்யும் வயதுவந்த பெண்களைச் சோதனைகளின்போது கைது செய்யலாகாது, தாயின் தொழிலை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்றெல்லாம் வழிகாட்ட நேர்ந்தது.

தேர்வு என்று முழங்குவோருக்கும் ஒரு சொல். காணொளி இணையத்தில் வராது, தொலைதேசத்தில் குறுந்தட்டாக மட்டுமே விற்கும் என்று பொய் சொல்லிப் பெண்களிடம் கையொப்பம் பெற்றது ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ என்ற அமெரிக்க நிறுவனம். 22 பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 2020 ஜனவரியில் சான் டியாகோ நீதிமன்றம் அவர்களுக்கு 1 கோடியே 27 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியது. காணொளிகளின் உரிமையையும் அவர்களிடமே ஒப்படைத்தது. கையொப்பத்தையே விடுதலை என்று வாசிப்போர் இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும். அவ்வெற்றிக்கு ஆபாசத் தடைச் சட்டம் தேவைப்படவில்லை. மோசடி மோசடியென்று பெயரிடப்பட்டதே போதுமானதாக இருந்தது என்பதை மறு அணியினரும் படிக்க வேண்டும்.

லிண்டா சொன்னது நளினியைப் பொய்யாக்காது. நளினி சொன்னது லிண்டாவையும் பொய்யாக்காது. வன்முறைக்கும் வஞ்சகத்துக்கும் தண்டனை வேண்டும். தொழில் செய்பவளுக்குத் தண்டனை கூடாது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெண்ணியம், பெண்ணைப் பற்றிப் பேசுகிறதேயன்றிப் பெண்ணிடம் கேட்பதில்லை.