மீனுக்கும் சைவச் சாப்பாடு!

நெத்திலியை வறுத்தால் மொறுமொறுப்பு, குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கடலில் இந்த நெத்திலிக்கு ஒரு சொந்தக்கார மீன் உண்டு. பெயர் அஞ்சோவெட்டா. உலகில் மிக அதிகமாகப் பிடிபடும் மீன்களில் ஒன்று. ஆனால், அது மனிதர்களின் தட்டுக்கு வருவது சொற்பம்தான். பெரும்பகுதி ஆலைக்குப் போய், வெந்து, பிழிந்து, காய்ந்து, மீன் தூளாகி மூட்டையில் ஏறுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை மீன் வேண்டும்!

அந்தத் தூளை முன்பு கோழிகளும் பன்றிகளும் தின்றன. இப்போது பெரும்பாலும் பண்ணையில் வளரும் மீனும் இறாலும் தின்கின்றன. அதாவது, மீனைக் கொடுத்து மீன் வளர்க்கிறார்கள்.

கடல் எப்போதும் அள்ளிக் கொடுக்காது. 1970-ல் பெரு பிடித்த அஞ்சோவெட்டா 1.2 கோடி டன்னுக்கும் மேல். அளவு மீறிய மீன்பிடிப்போடு, 1972-ல் கடலைச் சூடாக்கும் எல் நினோவும் சேர்ந்துகொள்ள, 1973-ல் சுமார் 20 லட்சம் டன்தான் கிடைத்தது. 2023-லும் எல் நினோ வந்தது. அந்த வருடத்தின் முதல் மீன்பிடி பருவத்தையே ரத்து செய்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா கரைகளில் கதை இன்னும் வேதனையானது. அங்கே மத்தி இன மீன்தான் ஏழைகளின் சாப்பாடு. அதை வாங்கிப் புகை போட்டு விற்றுக் குடும்பம் நடத்துபவர்கள் பெண்கள். மீன் தூள் ஆலைகள் வந்த பிறகு, அதே மீனுக்கு அவர்கள் ஆலைகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

சரி, மீன் தூளுக்குப் பதில் சோயாப் புண்ணாக்கைப் போட்டால் என்ன? விலையும் குறைவாச்சே!

போடலாம். ஆனால், தின்கிற வயிறு சம்மதிக்க வேண்டுமே. கட்லா, ரோகு வளர்க்கும் குளங்களில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து போடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். அந்த மீன்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். நார்வேயில் வளர்க்கிற சால்மன் அப்படியல்ல, அது அசல் அசைவம். சோயாப் புண்ணாக்கு அதிகமானால் அதன் குடலே வீங்கிவிடுகிறது. சோயாவில் இருக்கும் சப்போனின்தான் முக்கியக் காரணம். அதைக் கழுவி நீக்கி, புரதத்தை மட்டும் செறிவாக்கிக் கொடுத்தார்கள். சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் தனியாகச் சேர்த்தார்கள். விளைவு, 1990-ல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவிகிதமாக இருந்த கடல் சரக்கு, 2013-ல் 30 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது.

இறால் வேறு மாதிரி. வாசனை பிடித்தால்தான் பக்கத்தில் வரும். பிடிக்காத தீவனம் அப்படியே தண்ணீரில் கரைந்து கிடக்கும். காசும் போச்சு, குளமும் கெட்டுப்போச்சு. வளர்ப்புச் செலவில் பாதியை விழுங்குவது தீவனம்தான் என்பதால், இந்த விஷப்பரீட்சைக்குப் பலர் தயங்குகிறார்கள்.

அடுத்த வரவு, கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அழுகிய காய்கறி, பழக்கழிவு எதைக் கொடுத்தாலும் தின்று, இரண்டே வாரத்தில் கொழுத்துவிடும். காய வைத்தால் எடையில் ஏறக்குறைய 40 சதவிகிதம் புரதம். 2017-ல் ஐரோப்பிய யூனியன் இதை மீன் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது. (இது சைவமா அசைவமா என்று மீன் கேட்காது!) வேடிக்கை என்னவென்றால், குப்பையில் வளரக்கூடிய இந்தப் புழுவின் தூள் பல இடங்களில் மீன் தூளைவிட விலை அதிகம். பெரிய அளவில் வளர்த்து, காயவைத்து, அரைக்கிற செலவு அப்படி.

அதனால், இப்போதைக்குப் பண்ணைகளில் கலவைச் சாப்பாடுதான். குஞ்சாக இருக்கும்போது மீன் தூள் கொஞ்சம் தாராளமாக. வளர வளர அதைக் குறைத்து, சோயாவும் புண்ணாக்கும் கூடுதலாக.