கர்ப்பிணிக்கு எந்த உப்பு?

சினையாட்டுக்குத் தாது உப்புக் கலவை வாங்கி வைக்கிறோம். அதில் அயோடினும் உண்டு. அது குறைந்தால் குட்டி கழுத்து வீங்கிப் பிறக்கும், செத்தும் பிறக்கும். அதே வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் பெண்ணுக்கு ஆக்கிப் போடும் குழம்பில் மட்டும் ஏதோ ஒரு உப்பு. இது என்ன நியாயம்?

கருவுற்ற முதல் மாதங்களில் சிசு தாயின் தைராய்டு சுரப்பை நம்பியே வளர்கிறது. அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். மற்றப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். இந்த இம்மியளவு வெகுவாகக் குறைந்தால் கரு கலையலாம், பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றலாம். தாயின் கழுத்தில் கழலை தெரியாமலே இது நடக்கலாம். பிறந்தபின் எதைக் கொடுத்தும் முழுதாக ஈடுகட்ட இயலாது.

கழலை மலை நாட்டு நோய் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கிய ஆய்வில், டாக்டர் வி. ராமலிங்கசாமியும் குழுவினரும் அயோடின் கலந்த உப்பாலேயே அதைக் குறைத்துக் காட்டினார்கள். ஆனால் 2018-19 கணக்கெடுப்பைப் பாருங்கள். போதிய அயோடின் உள்ள உப்பைப் புழங்கும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம்! உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் மாநிலம் இது.

காரணம் கரிசல்காட்டாருக்குத் தெரியாததல்ல. தூத்துக்குடி உப்பளம் கூப்பிடு தூரம். கல்லுப்பை மூட்டையாக வாங்கிப் பானையில் கொட்டிவிடுகிறோம். "கடல் உப்பில் இல்லாத அயோடினா?" என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீரில் அது சொற்பம். பாத்தியில் விளையும் உப்பில் அதிலும் சொற்பம். பொட்டாசியம் அயோடேட் கலந்தால்தான் உண்டு. கல்லுப்பிலும் கலக்கலாம், ஆகவே கல்லுப்பைக் கைவிட வேண்டியதில்லை, பையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வாங்கினால் போதும். அதைக் கழுவிப் போடுவதும், மூடாமல் அடுப்போரம் வைப்பதும் சேர்த்த அயோடினைப் போக்கிவிடும். உப்பை அள்ளிப் போடச் சொல்லவில்லை. போடுகிற உப்பு சரியானதாக இருக்கட்டும்.

நம் கம்பிலும் தைராய்டின் வேலையைச் சற்றே தடுக்கும் பொருள் இருப்பது சூடான் நாட்டு ஆய்வுகளில் தெரிந்தது. அதற்காகக் கம்பங்கூழை விட்டுவிட வேண்டாம்.

அயோடின் கலக்காத உப்பை மனிதர் உண்ண விற்பதற்கு 2006 முதல் தடை இருக்கிறது. தோல் பதனிடவும் கருவாட்டுக்கும் என்று புறப்படும் உப்பு அடுப்படிக்கு வருவதை அந்தத் தடை நிறுத்தவில்லை. சிறு உப்பள உற்பத்தியாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பலர் கூடிப் பயன்படுத்தும் கலப்பு இயந்திரங்களுக்கு அரசு உதவ வேண்டும். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலமாகும். கிராம சுகாதாரச் செவிலியர் கையில் அந்தப் புட்டி இருக்கட்டும். அதையும் ஏழாம் மாத வளைகாப்புக்குப் பிறகு கொண்டுவந்தால் காலம் கடந்துவிடும்; புதுப்பெண் வீட்டுக்கு வந்த மாதமே அந்த வீட்டு உப்புப் பானையைச் சோதிக்க வேண்டும்.