ஒரு கோல் குறைந்தது. ஒரு நாடு நிமிர்ந்தது!

வென்றார்கள், வெளியேறினார்கள்!

விந்தையாக இருக்கிறதல்லவா? வென்றவன் மேலே செல்வான், தோற்றவன் வெளியே செல்வான் என்பதுதானே ஆடுகளத்து நியதி? ஆனால், 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் 18ஆம் நாள், டென்மார்க் நாட்டு ஆல்போர்க் நகரிலே, ஐஸ்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஆட்டத்தில் வென்றது. போட்டியை விட்டு வெளியேறியது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் டென்மார்க்கை, டென்மார்க்கின் மண்ணிலேயே மண்ணைக் கவ்வ வைத்தார்கள் அந்த இளைஞர்கள். இன்னும் ஒரு கோல், ஒன்றே ஒன்று போட்டிருந்தால், ஐரோப்பிய இளைஞர் போட்டியின் அரையிறுதியிலே நின்றிருப்பார்கள். போடவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்தக் குறைந்துபோன ஒரு கோலைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

"ஐஸ்லாந்தா? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்களும் இருப்பார்கள். கேட்பதிலே தவறில்லை, உலகப் படத்திலே தேடிப் பிடிக்க வேண்டிய நாடுதான். வட அட்லாண்டிக் கடலின் நடுவே, எரிமலையும் பனிப்பாறையும் எதிரெதிரே நிற்கும் தீவு. மாரிக்காலத்திலே பகல் என்பது நாலைந்து மணி நேரந்தான். காற்றோ, ஆளைத் தள்ளும் காற்று. அங்கு வாழும் மக்கள், 2011இல் மூன்று இலட்சத்துச் சொச்சம். இன்றும் நான்கு இலட்சத்துக்கு உட்பட்டவர்களே. பெரிய நகரமொன்றின் இரண்டு மூன்று வட்டங்களிலே அடங்கிப்போகும் கூட்டம்! அந்தக் கூட்டத்திலிருந்துதான் பதினொருவரைப் பொறுக்கியெடுத்து, பல கோடிப் பேர் வாழும் நாடுகளின் முன்னே நிறுத்தியாக வேண்டும்.

டென்மார்க்கை வென்றது பெரிதா என்று கேட்போருக்கு வரலாற்றைக் காட்டுகிறோம். நூற்றாண்டுக் கணக்கிலே டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது ஐஸ்லாந்து. 1904இல் உள்நாட்டு ஆட்சி பெற்றது. 1918இல் தனி அரசு என்ற தகுதி பெற்றது. ஆனால் முடி மட்டும் டென்மார்க் மன்னரின் தலையிலேயே இருந்தது. அந்த முடியையும் வேண்டாமென்று சொல்லி, குடியரசு என்று அறிவித்துக்கொண்ட நாள் 1944ஆம் ஆண்டு சூன் 17. இரண்டாண்டு கழித்து, 1946இல், டென்மார்க்கோடு முதல் கால்பந்தாட்டம் ஆடினார்கள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஒன்றுகூடத் திருப்பித் தர முடியவில்லை. 1967இல் கோபன்கேகன் நகருக்குச் சென்று ஆடினார்கள். வாங்கிய கோல்கள் எத்தனை தெரியுமா? பதினான்கு! கொடுத்தவை இரண்டு! ஆண்டவனும் அடிமையுமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. ஆனால் ஆடுகளத்திலே அந்தப் பழைய கணக்கு தீரவேயில்லை.

பதினான்குக்கு இரண்டு என்று தலைகுனிந்த நாட்டின் பிள்ளைகள், தங்கள் விடுதலை நாளின் மறுநாள், டென்மார்க் மண்ணிலே மூன்றுக்கு ஒன்று என்று தலைநிமிர்ந்தார்கள். இடையிலே என்ன நடந்தது?

"வைக்கிங் இரத்தம்! கடலைக் கலக்கிய பரம்பரை! பிறவியிலேயே வந்த வீரம்!" என்று பிற்காலத்திலே பலர் எழுதினார்கள். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம். 1967இல் பதினான்கு கோல் வாங்கினார்களே, அன்று அந்த இரத்தம் எங்கே போயிற்று? பாட்டன் உடலிலே ஓடியதும் அதே இரத்தம். பேரன் உடலிலே ஓடுவதும் அதே இரத்தம். பாட்டன் தோற்றான், பேரன் வென்றான் என்றால், மாறியது இரத்தமன்று; வாய்ப்பு!

அந்த வாய்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. எப்படி என்று பார்ப்போம்.

ஐஸ்லாந்திலே புல் தரை ஆட்டத்துக்கு உதவுவது ஆண்டிலே சில மாதங்கள்தான். மீதி மாதங்களில் பனி, இருட்டு, சேறு. ஆட வேண்டிய வயதிலே பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். இதை மாற்ற முனைந்தார்கள். 2000ஆம் ஆண்டில் கெப்ளாவிக் நகரப் பகுதியிலே, முழு அளவுக் கால்பந்துத் திடல் ஒன்றைக் கூரை போட்டு மூடினார்கள். வெளியே பனிப்புயல், உள்ளே பந்தாட்டம்! அந்த ஒன்றைப் பார்த்து மற்ற ஊர்களும் எழுப்பின. பெரும்பாலும் கட்டியது யார்? கோடீசுவரனா? இல்லை. ஊராட்சிகளும் நகராட்சிகளும். ஊர்ப் பணத்தில் எழுந்த கூடம். ஊர்ப் பிள்ளைகளுக்கான கூடம்.

அடுத்து, 2004 தொடங்கி, பள்ளிக்கூடங்களின் பக்கத்திலே சின்னஞ்சிறு செயற்கைப் புல் திடல்கள் போட்டார்கள். ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கு மேல்! மீன்பிடிக்கும் குக்கிராமத்துச் சிறுவனும் பள்ளி மணி அடித்ததும் பந்தோடு ஓடிவரலாம். காவலாளி தடுக்கமாட்டான், கட்டணச் சீட்டுக் கேட்கமாட்டான்.

திடல் இருந்தால் போதுமா? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாமா? அதையும் மறக்கவில்லை. பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் தரும் பி வகைச் சான்றிதழ் பெற்றவர்கள், 2016 வாக்கிலே ஏறத்தாழ 600 பேர் அந்தச் சிறு நாட்டிலே இருந்தார்கள். பெரிய நாடுகளிலே கற்றறிந்த பயிற்சியாளன் பணம் படைத்த அணிகளிடமே இருப்பான். ஏழை வீட்டுச் சிறுவனுக்கு எட்டமாட்டான். ஐஸ்லாந்திலோ, ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கும் பயின்று தேர்ந்தவர்தான் கற்றுத் தருகிறார். அவருக்குச் சம்பளமும் உண்டு. ரெய்க்யாவிக் நகராட்சி, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கித் தருகிறது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எட்டு வயதிலேயே, "இவன் வீரனாவான், இவன் உதவான்" என்று பிரித்து வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. வந்தவரெல்லாம் ஆடலாம். கூட்டம் சிறியது, ஒருவனைத் தள்ளினால்கூட நட்டம் நாட்டுக்கு! எண்ணிக்கை குறைவு என்பதைக் குறையாகப் பேசி அழவில்லை அவர்கள். ஒருவரையும் வீணாக்கக் கூடாது என்ற பாடமாக அதை மாற்றிக்கொண்டார்கள்.

2008 அக்டோபரிலே இடி விழுந்தது. நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே மூச்சிலே சரிந்தன. நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது, சேமிப்பு கரைந்தது, வேலை போயிற்று. வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள உள்ளூர் அணிகளால் இயலவில்லை. அந்த இடங்களிலே உள்ளூர் இளைஞர்கள் நின்றார்கள். வங்கிகள் கைவிட்டன; வளர்த்த பிள்ளைகள் கைகொடுத்தார்கள்!

இந்த மண்ணிலிருந்து எழுந்ததுதான் அந்த 21 வயதுக்குட்பட்டோர் அணி. வீரர் பெயர்களெல்லாம் 'சன்' என்று முடிவதைக் காணலாம். தந்தையின் பெயரோடு 'மகன்' என்ற சொல்லைச் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். கில்பி சிகுர்ட்சன், கோல்பெயின் சிக்தோர்சன், பிர்கிர் பியார்னசன், அரோன் குன்னார்சன், ஆல்பிரெட் பின்போகசன். பயிற்சியாளர் எயோல்புர் ஸ்வெரிசன். 2010 ஆகஸ்டிலே தகுதிச் சுற்றில் செர்மனி வந்தது. 2009இல் இதே இளைஞர் போட்டியின் கோப்பையை வென்றிருந்த நாடு. எட்டுக் கோடி மக்கள் கொண்ட நாடு. நான்குக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பியது!

அடுத்து ஸ்காட்லாந்து. அக்டோபர் 7இல் ரெய்க்யாவிக்கிலே ஓர் ஆட்டம், 11இல் எடின்பரோவிலே ஓர் ஆட்டம். இங்கேதான் ஒரு சிக்கல். 12ஆம் நாள் நாட்டின் மூத்த அணி போர்ச்சுகலைச் சந்திக்க வேண்டும். இளைஞர் அணியின் சிறந்த வீரர்கள் மூத்த அணிக்கும் வேண்டியவர்கள். எந்தப் பக்கம் அனுப்புவது? வேறு நாடாக இருந்தால், "பெரியவர்கள் ஆட்டம் முதலில், பிள்ளைகள் ஆட்டம் பிறகு" என்றிருப்பார்கள். ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கமோ இளைஞர் அணிக்கே முதலிடம் தந்தது. இளைஞர்கள் இரண்டு ஆட்டத்திலும் இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். எடின்பரோவிலே இரண்டு கோலையும் அடித்தவர் கில்பி சிகுர்ட்சன். மூத்த அணி போர்ச்சுகலிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. இன்றைய தோல்வியைத் தாங்கிக்கொண்டு, நாளைய வெற்றிக்கு வழி விட்டார்கள் மூத்தோர். நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டு, "இளைஞரே வருக" என்று வாயளவிலே அழைப்பவர்கள், இதை இரண்டு முறை படிப்பார்களாக!

இவ்வாறு வந்து சேர்ந்ததுதான் 2011 டென்மார்க் போட்டி. பெலாரசிடம் இரண்டு கோலிலே தோல்வி. சுவிட்சர்லாந்திடமும் அதே கணக்கிலே தோல்வி. கடைசி ஆட்டத்திலே டென்மார்க். இரண்டாம் பாதியிலே கோல்பெயின் ஒன்று அடித்தார். அடுத்த சில நிமிடங்களிலே பிர்கிர் ஒன்று. டென்மார்க் ஒன்றைத் திருப்பியது. ஆட்டம் முடியும் தறுவாயிலே மூன்றாவது கோல். மணி அடித்தது.

பெலாரஸ், ஐஸ்லாந்து, டென்மார்க் மூன்றும் ஆளுக்கு ஒரு வெற்றியோடு நின்றன. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களிலே பெலாரஸ் அடித்தது 3, வாங்கியது 2. ஐஸ்லாந்து அடித்தது 3, வாங்கியதும் 3. ஒரு கோல் வேறுபாட்டிலே பெலாரஸ் மேலே போயிற்று. இன்னொன்று அடித்திருந்தால் வேறுபாடு சமமாகி, அடித்த கோல் அதிகம் என்ற கணக்கிலே ஐஸ்லாந்து போயிருக்கும்.

"அவ்வளவுதான்! சிறிய நாடு, ஒருமுறை மின்னியது, மறைந்தது" என்று எண்ணியிருப்பார்கள். ஆனால் கோல் கணக்கிலேதான் ஒன்று குறைந்தது. ஆள் கணக்கிலே ஒருவரும் குறையவில்லை. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லாகர்பேக் மூத்த அணியின் பொறுப்பேற்றார். அவரோடு இணைந்தவர் ஹெய்மிர் ஹால்கிரிம்சன். தொழிலால் பல் மருத்துவர்! 2013இல் உலகக் கோப்பையின் வாசல்வரை வந்து, குரோவேசியாவிடம் தோற்றார்கள். மீண்டும் ஒருபடி குறைவு. 2016இல் ஐரோப்பியப் போட்டிக்கே சென்றார்கள். போர்ச்சுகலுக்கு எதிராக முதல் கோல் அடித்தவர் யார்? ஆல்போர்க்கிலே அடித்த பிர்கிர்! ஐந்தரைக் கோடி மக்கள் வாழும் இங்கிலாந்தை இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்திய கோல் யாருடையது? ஆல்போர்க்கிலே அடித்த கோல்பெயின்! அணித்தலைவர் யார்? அன்று உடன் நின்ற அரோன்! காலிறுதியிலே பிரான்சிடம் ஐந்துக்கு இரண்டு என்று தோற்றார்கள். 2018இல் உலகக் கோப்பை. மக்கள்தொகையிலே அவ்வளவு சிறிய நாடு அன்றுவரை அங்கே கால் வைத்ததில்லை. அர்செண்டினாவோடு ஒன்றுக்கு ஒன்று. மெஸ்ஸி அடித்த தண்டனை உதையைத் தடுத்தார் பந்துக்காவலர் ஹானஸ் ஹால்டோர்சன்.

புகழ் மட்டும் பாடிவிட்டு நிறுத்துவது நமது வழக்கமன்று. பிறகு சரிவும் வந்தது. 2020இல் அங்கேரியிடமும், 2024இல் உக்ரைனிடமும் தோற்று, அடுத்தடுத்த ஐரோப்பியப் போட்டிகளின் வாயிலிலே நின்றுவிட்டார்கள். அதைவிடக் கசப்பானது 2021. வீரர் சிலர் மீது பெண்கள் கூறிய புகார்களைச் சங்கம் மூடி மறைத்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சங்கத் தலைவரும் நிர்வாகக் குழுவும் விலகினர். காலுக்குப் பயிற்சி தந்தால் மட்டும் போதாது. கோல் அடித்தவன் என்பதற்காக யாரும் கேள்விக்கு அப்பாற்பட்டவனாகிவிடக் கூடாது. புகழ் வந்த வீட்டிலே இந்தப் பாடம் தாமதமாகவே நுழைகிறது!

ஆனால் திடல்கள் அங்கேயே இருக்கின்றன. கூடங்களும் அங்கேயே இருக்கின்றன. 2021இல் 21 வயதுக்குட்பட்டோர் அணி மறுபடி ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது, மூன்று ஆட்டத்திலும் தோற்றது, ஆனால் சென்றது. ஆண்களின் பெருமையையே பேசுகிறோமே, பெண்கள்? ஆண்களுக்கு ஏழாண்டு முன்பே, 2009இல், ஐஸ்லாந்துப் பெண்கள் ஐரோப்பியப் போட்டியிலே ஆடிவிட்டார்கள். 17 வயதுக்குட்பட்ட பெண்கள், அதே 2011இல், ஐரோப்பாவின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றார்கள். தமையன்மார் ஒரு கோலில் தவறவிட்ட இடத்திலே, அதே ஆண்டில் தங்கைமார் போய் நின்றார்கள்! அந்தத் திடல்கள் தங்கைகளுக்கும் திறந்திருந்தன என்பதுதான் காரணம்.

உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தோழர் ஒருவர், தெருவிலே பந்து உதைக்கும் தன் பிள்ளையைப் பார்த்து, "நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது?" என்று பெருமூச்சு விட்டால், அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். பதினான்குக்கு இரண்டு என்பது விதியாக இருந்திருந்தால், மூன்றுக்கு ஒன்று என்பது பிறந்திருக்காது. திடலைத் திறந்தார்கள், ஆசானை நிறுத்தினார்கள், ஒருவரையும் தள்ளாமல் காத்திருந்தார்கள். பத்தாண்டு பிடித்தது, பலன் வந்தது.

ஆல்போர்க்கிலே குறைந்த கோல் ஒன்றுதான். அதைப் போட்டவர்கள் ஐந்தாண்டு கழித்துப் போட்டார்கள். இங்கிலாந்தின் வலையிலே போட்டார்கள்!